தாஸ் அண்ணன் நிரப்பிய காற்று

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சாவித்ரம்மா, கேஸ் சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடமாட்டார். கீழ்வீட்டு வாசலில் கம்பிக் கதவுக்கு மேலே ஒரு கொக்கித் தராசு எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் அதைத் தூக்கி மாட்டவேண்டும். இந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கிண்ணத்தில் சோப்பைக் கலக்கிக் கொண்டுவந்து சிலிண்டரின் வாயில் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று வேறு நின்று பார்ப்பார். அதுவரை அந்த மனிதர் சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. மாடியிலிருந்து பார்க்கிற எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசும். என் சிலிண்டர் மேலே வரும்போது நான் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். இதற்காக அந்த அம்மாளிடம் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தாய்மொழி கன்னடம். கன்டோன்மென்ட் பக்கமே வளர்ந்தவர் என்பதால் தமிழும் கலந்து வரும். "தூக நோடாம ஏன்ப்பா வாங்கறே? நாளைக்கு அடுப்பு எரியலேன்னா அவனைத் திட்டுவே. இப்பவே எடை பார்த்துட்டா அவன்மேல கோபமே வராது இல்ல?" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விடுவேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் கூச்சம் புரியும் என்று நினைக்கிறேன். மேட்டூரில் என் அக்காவின் கல்யாணத்தில் ஒரு சங்கதி நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் கூடவே ஓர் ஆசாரியையும் அழைத்து வந்திருந்தார்கள். சீர்த்தட்டில் வைத்திருந்த நகையை எடுத்து, மடியிலிருந்த உரைகல்லில் அவர் உரசிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. சொன்ன தங்கம் சொன்னபடி இருந்தது. ஆனால் அந்த நேரம் முழுக்க என் அப்பா நின்ற நிலை இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வேட்டியைச் சரிசெய்தார், பந்தலை அண்ணாந்து பார்த்தார், யாரையோ கூப்பிடுவதுபோல் வாசல் பக்கம் போய்விட்டு யாரையும் கூப்பிடாமல் திரும்பி வந்தார். கடைசியில் என் காதில் மட்டும், "சந்தேகம் வந்த எடத்துல சம்பந்தம் எதுக்குடா?" என்றார். கல்யாணம் நடந்தது. அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். அப்பா மட்டும் அந்த வீட்டில் கை நனைக்கச் சில வருஷங்கள் ஆயின. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் ஊர்ப் பேச்சு. கொடுத்தவர் முகத்துக்கு நேரே எதையும் சோதித்துப் பார்ப்பது அவர் கன்னத்தில் அறைவது மாதிரி என்று அன்றைக்கு என் மனசில் பதிந்துபோனது.

தொண்ணூற்றொன்றில் பாலிடெக்னிக் முடித்து நான் பெங்களூருக்கு வந்தேன். வந்த வருஷமே காவிரிக் கலவரம். பஸ்ஸில் தமிழ் பேசவேண்டாம், தமிழ்ப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய தொந்தரவு என் ஊரின் பெயர். மேட்டூர் என்று சொன்னாலே அணைதான் ஞாபகம் வரும், அணை என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் சண்டை. ஆகவே யார் கேட்டாலும் சேலம் பக்கம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில், தெரியாததைக்கூட யாரிடமும் கேட்பதில்லை. சரி சார், ஆகட்டும் சார், அவ்வளவுதான் என் பேச்சு. கலவரம் ஓய்ந்தது, நான் கன்னடம் கற்றுக்கொண்டேன், கல்யாணம் ஆகி மலரை அழைத்து வந்தேன். ஆனாலும் கேள்வி கேட்கத் தயங்கும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

அப்படிச் 'சரி சார்' என்று சொல்லித்தான் நான் தண்ணீருக்கடியில் போய்ச் சேர்ந்தேன். நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, அணைச் சுவர்களையும் மதகுகளையும் தண்ணீருக்குள் இருந்தபடி படம் பிடிக்கும் கேமரா செய்கிறது. கேமராவோடு யாராவது உள்ளே போகவேண்டும். மேட்டூர்க்காரன் ஆயிற்றே என்று எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார். மேட்டூரில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கு அது பாலத்தின்மேல் நின்று பார்க்கிற பொருள். மதகு திறக்கிற வருஷங்களில் தண்ணீரோடு போனவரைத் தேடிக் கரையில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பயம் என் எலும்பிலேயே இருக்கிறது. இருந்தும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. லட்சத்தீவுக்கு அனுப்பி அடிப்படை டைவிங் கற்றுக்கொடுத்தார்கள். அது ஓரளவு ஆழத்துக்குத்தான் செல்லும். அணையின் அடிவாரம் அதற்கும் கீழே. அங்கே போய்வர டெக்னிக்கல் டைவிங் என்று தனிப் பயிற்சி வேண்டும். அத்தனை ஆழம் போனவர் நினைத்த நேரத்தில் மேலே வந்துவிட முடியாது. ரத்தத்தில் கரைந்த காற்று வெளியேறுவதற்காக வழியில் பல இடங்களில் நின்று நின்றுதான் வரவேண்டும். அவசரப்பட்டு வந்தால் கை கால் விளங்காமல் போகலாம், உயிரே போகலாம்.

பயிற்சி இந்தியாவில் அப்போது எங்கும் இல்லை, குறைந்தபட்சம் எனக்குத் தெரிந்து இல்லை. முதலாளி பணம் ஓரளவுக்குத்தான் தருவேன் என்றார். ஆபீஸ் விட்டதும் ஆஸ்டின் டவுன் முனையில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடுகிற வேகத்தில், உலகம் முழுக்கத் தேடினேன். ஆஸ்திரேலியாக்காரர்கள் சொன்ன தொகைக்கு ஓசூர்ப் பக்கம் மனை வாங்கலாம். இன்னொரு கோடியில், ஒரே வாரத்தில் சர்டிபிகேட் கையில், கடற்கரை அறையும் பீரும் இலவசம் என்று கூவுகிறவர்கள். மலிவாக இருந்தால் பயம், விலை அதிகமென்றால் வழியில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாக நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட டீச்சரான மலர்தான் வழி சொன்னாள். "அவங்கவங்ககிட்ட எத்தன பேரு ஃபெயில் ஆனாங்கன்னு கேளுங்க. ஃபெயிலே ஆகாத ஸ்கூல்ல பாடமே நடக்கலன்னு அர்த்தம்" என்றாள். எனக்குக் கேட்கக் கூச்சம். கடைசியில் அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பெயரில், எல்லோருக்கும் அந்தக் கேள்வியைத் தட்டி அனுப்பினாள். எங்களிடம் யாரும் தோற்பதில்லை என்று பெருமையாகப் பல பதில்கள் வந்தன. சிலர் பதிலே போடவில்லை. தாய்லாந்தில் ஒரு சின்னத் தீவிலிருந்து ஐனோ என்ற பின்லாந்துப் பெண்மணி ஒரே வரி எழுதியிருந்தார். போன வருஷம் வந்தவர்களில் பாதிப் பேர், ஆனால் எல்லோரும் உயிரோடிருக்கிறார்கள் என்றது அந்த வரி. கட்டணமும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அன்று முழுக்க அந்த வரியை நினைத்து நினைத்துப் பயந்தேன், ஆனாலும் அங்கேதான் போவது என்று முடிவாயிற்று.

ஐனோவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு சொல் போதுமென்ற இடத்தில் இரண்டாவது சொல் பேசமாட்டார். நான் முதல் நாள் மரியாதைக்காக மேடம் மேடம் என்று கூப்பிட்டதை அவர் கேலி என்று எடுத்துக்கொண்டு முறைத்தார். என் பெயர் ஐனோ என்று மூன்றாம் முறை சொன்னபிறகு நான் எதையும் சொல்லிக் கூப்பிடாமல் எதிரில் போய் நிற்கத் தொடங்கினேன். அந்த ஊரில் என்னைக் காப்பாற்றியவர் தாஸ் அண்ணன். டைவிங் கடையின் பின்பக்கக் கொட்டகையில் கம்ப்ரசரை ஓட்டி, சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிற வேலை அவருக்கு. என் தோள்பையில் எட்டிப் பார்த்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, எந்த ஊரு?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெங்களூர் என்றேன். "அட, நம்ம ஊர்ப் பையன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் கம்ப்ரசர் ஃபிட்டராக இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு துபாய் போய், அங்கிருந்து ஒரு முதலாளியோடு இந்தத் தீவுக்கு வந்துவிட்டார். தமிழ்நாட்டில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை, ஆனால் பேச்சு சுத்தமாக நம் வட ஆற்காட்டுப் பேச்சு. தங்குவதற்குத் தன் அறையிலேயே பாய் போட்டுக் கொடுத்தார். தினமும் ரசம் வைத்துச் சோறு போட்டார். அவர் மட்டும் இல்லையென்றால் அந்தப் பயிற்சி எனக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்து நடந்தது புரியாது. ஆக்ஸிஜன் உயிர்க்காற்று என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆழத்தில் கதை வேறு. முதுகில் இருக்கும் சிலிண்டரில் நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்று, அதாவது நூற்றில் இருபத்தொன்று ஆக்ஸிஜன் இருக்கவேண்டும். அதோடுதான் அடிவரை போவது. ஆக்ஸிஜன் அதிகமான இன்னொரு சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டிக்கொள்வோம். அது மேலே வரும்போது, ஆழம் குறைந்த இடத்தில் நின்று சுவாசிக்க மட்டும். அதை அடியில் சுவாசித்தால் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வலிப்பு வரும். வாயிலிருந்து குழாய் கழன்றுவிடும். பிறகு வாயில் போவது தண்ணீர்தான். அதனால் ஐனோவின் முதல் விதி, யார் நிரப்பிய காற்றாக இருந்தாலும் அவரவர் சிலிண்டரை அவரவரே அளக்கவேண்டும் என்பது. கையடக்கமாக அனலைசர் என்று ஒரு கருவி இருக்கிறது, காற்றைக் காட்டினால் அதில் எண் விழும். அந்த எண்ணை ஒரு டேப்பில் சொந்தக் கையால் எழுதிச் சிலிண்டரின்மேல் ஒட்டவேண்டும். நான் இதை ஒழுங்காக மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். ஐனோ தலையசைத்தார். பாடத்தில் நான் எப்போதும் கெட்டி.

முதல் ஆழமான டைவ் நாளன்று காலையில் கொட்டகைக்குப் போனேன். தாஸ் அண்ணன் எனக்கு முன்பே வந்து நிரப்பிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற ஜனத்தைப் பற்றி, கிறிஸ்துமஸுக்குத் தெருவெல்லாம் நட்சத்திரம் கட்டுவதைப் பற்றி அவர் பேசினார், நான் கேட்டேன். நான் வரும்வரை தமிழ் பேச ஆளில்லாமல் இருந்தவர் இல்லையா, நிறுத்தாமல் பேசினார். பேசிக்கொண்டே ஒரு குழாயைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார், பேசிக்கொண்டே டேப்பைக் கிழித்து எழுதி ஒட்டினார். பிறகு முதுகுச் சிலிண்டரைத் தட்டிக்கொடுத்து, "நான் பார்த்துட்டேன் தம்பி, மாட்டிக்கினு கெளம்பு" என்றார். அனலைசர் எதிரில் ஆணியில்தான் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும். நான் அதைப் பார்த்தேன். அவரையும் பார்த்தேன். முந்தின நாள் எனக்கு ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்த கை அது. சரிண்ணே என்று சொல்லி, சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன்.

துறையில் ஐனோ ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அளந்தாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது உன் கையெழுத்தா என்றார். இல்லை, என் அண்ணன் எழுதியது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிரதர் என்றதும் அவர் நெற்றி சுருங்கியது. தாஸ் உன் சொந்த அண்ணனா, இரண்டு பேருக்கும் ஒரே அம்மாவா என்று கேட்டார். அப்படியில்லை, எங்கள் பக்கம் வயதில் பெரியவர்களை அப்படித்தான் சொல்வோம், அவர் எனக்குச் சாப்பாடு போட்டுத் தன் அறையில் தங்க வைத்திருக்கிறார், அவர் பார்த்ததாகச் சொன்ன பிறகு நான் மறுபடி பார்த்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று விளக்கினேன். சொல்லச்சொல்ல எனக்கே அது அசட்டுத்தனமாகக் கேட்டது. அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டு முடித்தார். "சரி. அப்படியானால் உன் மனைவிக்கும் உன் அண்ணனே போன் செய்து சொல்லட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஏற்பாட்டை முடிவு செய்கிற குரலில் சொன்னார்.

தாஸ் அண்ணனை அழைத்து வரச் செய்து, அவர் எதிரிலேயே அளக்கச் சொன்னார் ஐனோ. அதுதான் நான் செத்தாலும் செய்யமாட்டேன் என்றிருந்த காரியம். அனலைசரை வால்வில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரில் அண்ணன் லுங்கியைச் சரிசெய்கிறார், கடலைப் பார்க்கிறார், யாரையோ தேடுவதுபோல் திரும்பிப் பார்க்கிறார். பந்தலடியில் நின்ற என் அப்பாவேதான். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எண் இருபத்தொன்றைத் தொட்டது. நிற்கவில்லை. முப்பதைத் தாண்டிற்று. நாற்பதையும் தாண்டி, நாற்பத்தெட்டில் போய் நின்றது.

பக்கவாட்டுச் சிலிண்டரில் போகவேண்டிய காற்று என் முதுகுச் சிலிண்டரில் இருந்தது. அதைச் சுவாசித்துக்கொண்டு நான் அடிக்குப் போயிருப்பேன். வழியிலேயே எங்கோ உடம்பு வெட்டி இழுத்திருக்கும். அவ்வளவு பேர் சுற்றி இருந்தும் எனக்குத் துணை யாரும் இல்லாததுபோல் குளிரெடுத்தது. மலர் அந்த நேரத்தில் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள், சாவித்ரம்மாவின் வீட்டுப் போன் அடித்திருக்கும், அந்த அம்மாள் கன்னடமும் தமிழும் கலந்து அவளிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று என்னென்னவோ ஓடியது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். தாஸ் அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "மாரிகுப்பத்தப் பத்திப் பேசிக்கினே கொழாய மாத்தி மாட்டிட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். என் உயிரை எடுக்க இருந்தது அவர் என்மேல் வைத்த பிரியம்தான். அவரைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கடை முதலாளி தாஸ் அண்ணனைக் கண்டபடி பேசினார், வேலையைவிட்டு நிறுத்தவே இருந்தார். ஐனோதான், அவர் செய்த தப்பைப் பிடிப்பது என் மாணவனின் வேலை, தோற்றது என் மாணவன் என்று சொல்லி அதைத் தடுத்தார். அன்றும் அண்ணன் சோறு வைத்தார். அதே ரசம். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். வேறு எங்காவது போய்த் தங்கிவிடலாமா என்றும் நினைத்தேன். அப்படிப் போனால் அதுவும் அவரை உரைகல்லில் உரசுவது மாதிரிதானே என்று தோன்றியது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் சொன்னார்: "நீ அளந்திருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும், பொய் சொல்லல. வந்தா வந்துட்டுப் போவுது. நாளைலேருந்து அள தம்பி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

மறுநாள் அப்படியே நடந்தது. அவர் நிரப்பினார், கருவியை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்தபடி அளந்தேன். இருபத்தொன்று. டேப்பில் எழுதும்போது என் பெயரையே தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன். தண்ணீருக்குள் போனபோது முந்தைய நாளின் பயம் கூடவே வந்தது. பச்சையாக இருந்த வெளிச்சம் நீலமாகி, நீலமும் மங்கி, கீழே ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒவ்வொரு மூச்சையும் இதுதானா இதுதானா என்று கேட்டுக்கொண்டே இழுத்தேன். எண்ணைப் பார்த்தேனே, என் கண்ணாலேயே பார்த்தேனே என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டேன். அந்த எண் ஒன்றுதான் அங்கே எனக்குப் பிடிமானம். மேலே வந்ததும் ஐனோ, உதடு ஏன் ரத்தம் கட்டியிருக்கிறது என்று கேட்டார். கடித்திருக்கிறேன், தெரியவேயில்லை.

பயிற்சி முடிந்தபோது அவர் எனக்குச் சர்டிபிகேட் தரவில்லை. உனக்குத் தண்ணீர் பயம் இருக்கிறது, அது நல்லது, வைத்துக்கொள், ஆனால் மனிதர்களிடம் கேட்க அதைவிட அதிகமாகப் பயப்படுகிறாய், அது உன்னைக் கொன்றுவிடும், அடுத்த வருஷம் வா, மறுபடி பணம் வேண்டாம் என்றார். அவர் தொடர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பெங்களூருக்குத் திரும்பி, ஃபெயிலானவர்களில் நானும் ஒருவன் என்று மலரிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள். நாற்பத்தெட்டைப் பற்றி அப்போதே சொல்லிவிட்டேன். அடுத்த முறை சிலிண்டர்காரர் வந்தபோது நான் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். எங்கள் சிலிண்டரைக் கொக்கியில் மாட்டச் சொல்லும்போது காது மடல் சூடாயிற்று. அவர் பாட்டுக்கு மாட்டிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "ஈக சரி", இப்போது சரி, என்றார் சாவித்ரம்மா. அடுத்த வருஷம் தீவுக்குப் போய்ப் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்காக நான் முழுசாக மாறிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். மேட்டூருக்குப் போனால் பழையபடிதான். அக்கா வீட்டில் கொடுக்கிற எதையும் நான் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரு தடவை அவள் வீட்டு அடுப்பில் லேசாகக் கேஸ் வாடை வந்தபோது மட்டும், யாரும் பார்க்காத நேரத்தில் சமையலறைக்குள் நுழைந்து சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன். திருடன் மாதிரி வியர்த்துவிட்டது. பின்னால் வந்து நின்ற அக்கா, "பெங்களூருக்காரனாயிட்ட" என்றாள். அவள் கேலியாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

தாஸ் அண்ணன் இப்போது இங்கேதான் இருக்கிறார். தீவில் ஒப்பந்தம் முடிந்து தங்கவயலுக்கே திரும்பி வந்துவிட்டார். எங்கள் கம்பெனிக்கு ஒரு கம்ப்ரசர் ஆள் தேவைப்பட்டபோது நான்தான் அவர் பெயரைச் சொன்னேன். சொன்ன அன்று முழுக்க அந்த நாற்பத்தெட்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவர் மாரிகுப்பத்து விடியற்கால ரயிலில் வேலைக்கு வருகிறார், அன்றைக்கு அவர் எனக்குக் கதையாகச் சொன்ன அதே ரயில். போன மாதம் கர்நாடகத்துப் பக்கம் ஓர் அணையில் எங்களுக்கு வேலை. காவிரியில் போய்ச் சேரும் தண்ணீர் அது. கரையில் நின்றிருந்த மதகுக் காவலர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். நான் ஒரு கணம் தயங்கிவிட்டு, மேட்டூர் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இங்கே இருந்து போவது அங்கேதான் வருகிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அதில் நட்பு இருந்ததா, குற்றச்சாட்டு இருந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் சிலிண்டர்களை வரிசையாக வைத்தார். கருவியை என்னிடம் நீட்டிவிட்டு, வழக்கம்போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு அது வலிக்கிறது. எனக்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அளக்க வரவில்லை. அளந்தேன், எழுதினேன், ஒட்டினேன்.

அடியில் வேலை முடித்து மேலே வரும்போது கடைசி நிறுத்தத்தில் நீண்ட நேரம் காத்திருக்கவேண்டும். தலைக்கு மேலே வெளிச்சம் தெரியும், ஆனால் போகக்கூடாது. கீழே இருட்டில் மதகு, அதற்கு அப்பால் எங்கோ என் ஊர். இரண்டுக்கும் நடுவில், மேலிருந்து இறங்கிய ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பயம் அப்போதும் இருந்தது, ஒரு நாளும் அது என்னைவிட்டுப் போகாது. சுவாசிக்கிற காற்றை நானே அளந்திருந்தேன். குழாயைப் பார்த்திருந்தேன், வால்வைப் பார்த்திருந்தேன், கத்தி இடுப்பில் இருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்த்திருந்தேன். கயிற்றின் மேல்முனையை மட்டும் நான் பார்க்கவில்லை. அதைத் தாஸ் அண்ணன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்படிச் சுற்றியிருக்கிறார், யாரோடாவது பேசிக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. விதிப்படி அதையும் நான் சரிபார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை.